தோட்டத்துச் செய்தி பத்திரிகைக்குப் போகும் வழி



"நம் தோட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு வரி கூட வருவதில்லை" என்று தோட்டங்களில் குறைபட்டுக்கொள்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். வட்டார நிருபர்களைக் கேட்டாலோ, "தோட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லையே" என்பார்கள். இவ்விரு குறைகளும் ஒன்றுக்கொன்று உறவுடையவை. அதைப் பற்றித்தான் இன்று சிறிது பேச எண்ணுகிறோம்.

இந்நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகள் வாசகர்களின் தோளில் ஏறி வளர்ந்தவை. கோலாலம்பூரில் 1924ஆம் ஆண்டு தமிழ் நேசனும், சிங்கப்பூரில் 1935ஆம் ஆண்டு தமிழ் முரசும் தோன்றின. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் அது. 1950ஆம் ஆண்டுகளில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்தபோது, அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி எழுதினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதியும் திரட்டினார். தோட்டத் தொழிலாளர் உட்படப் பல எளிய மக்கள் தங்களால் இயன்ற சிறு தொகையைக் கொடுத்தார்கள். பத்திரிகை கேட்டது, மக்கள் கொடுத்தார்கள். அந்தப் பணம் நூல்களாக மாறியது.

நிதி கொடுப்பதில் பெருமை உண்டு. குறையை வெளியில் சொல்வதிலோ அச்சமே மிகுதி. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். "இன்னார் சொன்னார்" என்று பெயர் அச்சாகிவிட்டால், மறுநாள் காலைப் பிரட்டில் அந்த மனிதர் எந்த முகத்தோடு நிற்பார்? வெளியூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகும் நிருபர் இதை மறந்துவிடலாகாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு தோட்டத்து லயத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "எங்கள் தோட்டத்தில் தண்ணீர் மிக மோசம், நிர்வாகம் கண்டுகொள்வதே இல்லை" என்று ஒருவர் எழுதி அனுப்புகிறார். இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் ஒன்றும் செய்ய முடியாது. எந்த நாளிலிருந்து, எத்தனை வீடுகளில், காலையிலா மாலையிலா, மழைக்குப் பிறகு மட்டுமா, நிர்வாகத்திடம் சொன்னது யார், எந்தத் தேதியில், என்ன பதில் கிடைத்தது என்பனவெல்லாம் அதில் இல்லையே! அவற்றை ஒரு பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் நாள்தோறும் குறித்துவைத்தால் போதும். ஒரு வாரக் குறிப்பு பத்துப் பக்கக் கோபத்தைவிடக் கனமானது. ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீரைப் பிடித்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டிவைத்தால் இன்னும் நல்லது. நிர்வாகத்திடம் கொடுக்கும் மனுவுக்கு ஒரு படி எடுத்துக்கொள்ளவும் வேண்டும்.

தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குழாய்நீரைப் போதிய அளவில் இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை என்பதை 1990ஆம் ஆண்டு வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் கூறுகிறது. ஆகையால் கலங்கல் தண்ணீர் ஒரு புலம்பல் அல்ல; தொழிலாளர் இலாகாவிடம் முறையிடத்தக்க காரியம். இதைத் தெரிந்து எழுதும் கடிதத்துக்கும் தெரியாமல் எழுதும் கடிதத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் மேசையில் உடனே காண்பார்கள்.

பெயரைப் பற்றி ஒரு சொல். பத்திரிகைக்குப் பெயரும் முகவரியும் கொடுத்தே ஆகவேண்டும். மொட்டைக் கடிதத்தை நம்ப எவரும் கடமைப்பட்டவரல்லர். ஆனால் அதை அச்சிட வேண்டாம் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. முதல் சந்திப்பிலேயே, வாய் திறப்பதற்கு முன்னரே, அதை நிருபரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு "போடாதீர்கள்" என்பது இருவருக்கும் சங்கடம். பெயரை விட்டுவிட்டு, "மூன்றாம் லயத்தில் மூன்று பிள்ளைகளோடு வசிக்கும் மாது" என்று எழுதிவிடும் நிருபர்களும் உண்டு! சிறிய தோட்டத்தில் அது பெயரைப் போட்டதற்குச் சமம். பலர் கூடிக் கையொப்பமிட்டுக் கொடுப்பதே இதற்கு மேலான பாதுகாப்பு.

நிருபர் நிர்வாகியையும் சந்தித்துக் கேட்டால், "இவர் அந்தப் பக்கத்து ஆள்" என்று நம்மவர் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அது தவறு. இருதரப்பையும் கேட்டு எழுதிய செய்தியை மறுப்பது கடினம். வட்டார நிருபர்களில் பலர் வேறு வேலையும் பார்த்துக்கொண்டு இப்பணியைச் செய்பவர்கள். இருந்தாலும், தண்ணீர் சீரானதா இல்லையா என்று ஒரு மாதம் கழித்து வந்து பார்ப்பதும் அவர்களுடைய கடமையே. அவர் வராவிட்டால் நாமே எழுதிக் கேட்கலாம். கேட்கிறவர்கள் மிகக் குறைவு.

கைத்தொலைபேசி வந்த பின், படமெடுத்துப் பத்துக் குழுக்களுக்கு அனுப்பினாலே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். படம் போகிறது, எந்தத் தோட்டம், எந்த நாள் என்பது வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. சில மாதங்கள் கழித்து வேறொரு தோட்டத்தின் பெயரோடு அதே படம் திரும்பி வருவதும் உண்டு. படத்தோடு இடத்தையும் தேதியையும் எழுதி, முதலில் நிருபருக்கு அனுப்புங்கள்.

அச்சான செய்தியை வெட்டியெடுத்து ஒரு கோப்பில் ஒட்டிவைக்க வேண்டும். தமிழ் நேசனும் 2019ஆம் ஆண்டு சனவரியோடு நின்றுவிட்டது. பத்திரிகை இருக்கும்போதே நறுக்குகளைச் சேர்த்துவைத்தவர்களிடம் மட்டுமே தங்கள் தோட்டத்தைப் பற்றி அதில் வந்த வரிகள் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒட்டும்போது பத்திரிகையின் பெயரையும் தேதியையும் மேல் ஓரத்தில் எழுதுங்கள். பென்சில் அழிந்துவிடும், மையால் எழுதுங்கள். கோப்பைத் தோட்டத்துப் பள்ளியிலோ கோயில் கமிட்டியிடமோ வைக்கலாம்.