பாலமும் வேலியும்: தோல் நகரங்களில் தீட்டுக்கு யார் விலை கொடுப்பது?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னிக்கு ஒரு பாலத்தில் இருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.

வாணியம்பாடி பக்கம் நாராயணபுரம்னு ஒரு ஊர். அங்கே பாலாற்றுக்கு மேலே ஒரு பாலம் போகுது. 2019 ஆகஸ்ட் மாதம் அந்தப் பாலத்தின் மேலிருந்து ஒரு பிணத்தைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். கீழே நின்றவர்கள் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். அந்த வீடியோவை உங்களில் பல பேர் பார்த்திருப்பீங்க. விபத்தில் இறந்துபோன ஒரு தலித்தின் உடல் அது. எரிக்கிற இடம் ஆற்றங்கரையில்தான். ஆனா அங்கே போகிற வழி ஆதிக்கச் சாதியினரின் நிலத்து வழியாகப் போகுது. நிலத்துக்கு வேலி. வேலியைத் தாண்டிப் பிணம் போகக்கூடாது. அதனால பாலம், அதனால கயிறு.

இதில் என்னை ரொம்ப நாளாகத் தொந்தரவு பண்ணுவது வேலி இல்லை. வேலியை நாம எல்லா ஊரிலும் பார்க்கிறோம். அன்றைக்கு நடந்தது முதல் தடவை இல்லை என்பதுதான். அதற்கு முன்னாலும் சில வருஷமா அப்படித்தான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். யார் மேலே நிற்கணும், யார் கீழே நிற்கணும், பாடை சாயாம எப்படிக் கயிறை விடணும், இதெல்லாம் ஒரு தெருவுக்கே தெரிந்த வேலையாகிப் போயிருக்கு. ஒரு அவமானத்தைத் திரும்பத் திரும்பச் செய்து செய்து கை பழகிப்போவது. இதை வலி என்று யாரும் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் வராது, எஃப்.ஐ.ஆரிலும் வராது.

சரி, அதுக்கப்புறம் என்ன நடந்தது? வீடியோ பரவியதும் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் மணிகுமார், சுப்பிரமணியம் பிரசாத் அமர்வு. அரசு நிர்வாகமும் வேகமாக வேலை பார்த்தது, அதை மறுக்க முடியாது. காலனி மக்களுக்கு எரிக்கவும் புதைக்கவும் ஏறக்குறைய அரை ஏக்கர் நிலம் ஒதுக்கியிருக்கிறோம் என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். நல்ல விஷயம்தானேன்னு தோணும். நீதிபதிகள் அங்கேதான் நிறுத்திக் கேட்டார்கள். ஆதிதிராவிடர் சுடுகாடு என்று தனியாக ஏன்? பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும்போது இது மட்டும் எப்படிச் சாதிக்கு ஒன்றாக இருக்கலாம்? தனி நிலம் ஒதுக்குவதன் மூலம் அரசே இந்தப் பழக்கத்துக்குத் துணை போகிற மாதிரி ஆகாதா? அவர்கள் கேட்டதன் சாரம் இதுதான்.

அந்தத் தீர்வை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்க. அரை ஏக்கர் நிலம் கொடுத்தாச்சு. அதில் வேலியைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. பொது வழி பொது வழியாகவே இருக்கணும் என்று யாரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத தீர்வு அது. நிலம் அரசாங்கத்து நிலம், செலவும் அரசாங்கத்துச் செலவு. வேலி போட்டவருக்கு அதில் ஒரு பைசா செலவில்லை. எங்க ஊர்ப்பக்கம் தனித் தண்ணித் தொட்டி, தனி அங்கன்வாடி, பகுதிநேர ரேஷன் கடை என்று எத்தனை பார்த்திருக்கோம்! சண்டை வராம இருக்க ஒரு வழி. அதிகாரிகளைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள்ள ஊர் அமைதியாகணும்னா தாசில்தாருக்குத் தெரிந்த ஒரே மருந்து இதுதான்.

இந்த இடத்துல நம்ம பகுதியின் இன்னொரு வழக்கை ஞாபகப்படுத்தணும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு. தோல்ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் இருக்கிற இந்தப் பட்டைக்கு இந்தியச் சட்டப் புத்தகத்தில் ஒரு தனி இடம் உண்டு. தோல் பதனிடும் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டுப்போன வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்கணும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதிதான் என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. இன்னிக்குச் சட்டக் கல்லூரியில் சேர்கிற ஒவ்வொரு பிள்ளையும் வேலூர் என்ற பெயரைப் படிக்காமல் வெளியே வராது.

தீர்ப்போடு நிற்கவில்லை. இழப்பீட்டைக் கணக்கிட ஒரு ஆணையம் அமைந்தது. அந்த ஆணையம் 2001-ல் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டறிந்து, சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. பிரச்சினை முடிந்ததான்னா இல்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. (ஜனவரி 30 அரசு அலுவலகங்களில் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிற நாளும்கூட. தற்செயல்தான். ஆனா கவனிக்காம இருக்க முடியலை.)

நான் எங்கே வர்றேன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். தண்ணீரைக் கெடுத்தால் அது மாசு. கெடுத்தவன் யார், எவ்வளவு கெடுத்தான், யாருக்கு நஷ்டம், அதை யார் கொடுக்கணும் என்று ஆணையம் போட்டுக் கணக்குப் பார்த்த மண் இது. ஒரு மனிதன் நடந்தால் வழி தீட்டாகிவிடும் என்று வேலி போட்டால், அதே மண்ணில் கணக்கே வேற. அங்கே கெடுத்தவனுக்கு எந்தச் செலவும் இல்லை. கெட்டது யாருக்கோ அவருக்குத்தான் தனியாக ஒரு இடம்.

சட்டம் இல்லைன்னு சொல்லிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் அமலில் இருக்கிற திருத்தத்தின்படி, பொதுச் சுடுகாட்டையும் இடுகாட்டையும் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதே தண்டனைக்குரிய குற்றம். பொது வழியை அடைப்பதும் அப்படித்தான்.

இந்தத் தொழிலைப் பற்றியும் சொல்லணும். செத்த மாட்டின் தோலைத் தொடுகிறவன் தீட்டானவன் என்று தள்ளிவைத்த ஒரு சமூகம், அதே தோல் ஏற்றுமதிக்குப் போகும்போது அதை அந்நியச் செலாவணி என்று சொல்கிறது. சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறவைத்து முடி எடுக்கிற வேலை, சதை வழிக்கிற வேலை, ஈர வேலை எல்லாவற்றிலும் காலங்காலமா நின்றவர்கள் பெரும்பாலும் தலித்துகள். இன்னிக்கு ஷூ கம்பெனியில் தைக்கிற வேலைக்குப் பல சாதிப் பெண்களும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போறாங்க. அது ஒரு பெரிய மாற்றம், நான் அதைச் சின்னதாகப் பேசமாட்டேன். ஆனா தோல்ஷாப்பில் இருந்து நேராக டவுன் பஸ் ஏறுகிறவரைப் பாருங்க. பக்கத்துச் சீட்டுக்காரர் கைக்குட்டையை எடுப்பார். அவரும் அதைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்குவார். குளிச்சாலும் போகாத வாசனை அது. அந்தக் கைக்குட்டை வாசனைக்காகவா, வேற எதுக்காகவான்னு அவர் வீடு போய்ச் சேரும்வரை யோசிச்சுக்கிட்டே போகணும். யாரும் எதுவும் சொல்லவில்லை. புகார் கொடுக்க அதில் என்ன இருக்கு?

இதே மாதிரி ஒன்று ஊர் அளவிலும் நடந்தது. 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. மூன்று நாள், ஆம்பூர் வர்த்தக மையத்தில். ஆம்பூர்க்காரங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! அப்புறம்தான் தெரிந்தது, அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடம் இல்லை. ஆம்பூர்ல எத்தனை பேர் வீட்டுச் சாப்பாடு அது, எத்தனை கடைகளின் பிழைப்பு அது என்று ஊருக்கே தெரியும். முஸ்லிம்களும் தலித்துகளும் ஒரே மாதிரி உரிமையோடு சொல்லிக்கொள்கிற உணவு. எதிர்ப்பு வந்தது, மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். இது வெறும் சாப்பாட்டுச் சண்டை என்று பல பேர் சிரித்தார்கள். தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் சிரிக்கவில்லை. இப்படி ஒதுக்குவதைப் பாகுபாடாக ஏன் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று விளக்கம் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கே நோட்டீஸ் அனுப்பியது. என்னைக் கேட்டால், அந்த நோட்டீஸ் அந்த விழாவைவிடப் பெரிய விஷயம். ஒரு அரசு அமைப்பு இன்னொரு அரசு அலுவலகத்தைப் பார்த்து, நீ செய்தது ஒரு மனிதனைக் காயப்படுத்தியிருக்குமா என்று எழுத்தில் கேட்பது நம்ம பக்கம் எத்தனை தடவை நடக்குது?

இதை வேற ஊர்க்காரங்க எப்படிச் செய்றாங்கன்னு பார்த்தால், அமெரிக்காவில் பால்டிமோர் என்ற நகரம் இருக்கு. கறுப்பின மக்கள் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், வெள்ளையர் எந்தத் தெருவில் என்று 1910-ல் நகராட்சிச் சட்டமே போட்ட ஊர். அந்த நாட்டிலேயே அப்படிப்பட்ட முதல் சட்டம் அது. எழுதப்பட்ட ஊர்-சேரி என்று வைத்துக்கொள்ளுங்க. அதே நகரம் 2020-ல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது, மறைந்த எலைஜா கம்மிங்ஸ் பெயரில். 2019-ல் அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் பிள்ளைகள் நகர மன்றத்தில் போய்ப் பேசியதில் இருந்து பிறந்த சட்டம். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது ஒன்றுதான். காயப்பட்டவர்களுக்குக் கவுன்சலிங் கொடுப்போம் என்று அது ஆரம்பிக்கவில்லை. நகராட்சியின் ஊழியர்களுக்குப் பயிற்சி என்று ஆரம்பித்தது. ஒரு அலுவலகத்தின் விதியோ, கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரின் பேச்சோ பழைய காயத்தை எப்படிக் கிளறும் என்று அலுவலகம்தான் முதலில் படிக்கணும். பால்டிமோர் அதனால் சொர்க்கமாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. யாரைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவது என்பதில் மட்டும் அவர்களுக்குச் சரியான யோசனை வந்திருக்கு.

உண்மையில் அந்த யோசனைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கு. நோயாளியைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளாமல் குடும்பத்தையும் கூடவே தங்கவைத்து வைத்தியம் பார்க்கிற முறையை 1950-களிலேயே ஆரம்பித்த இடம் அது. ஒருத்தருக்கு வந்த நோயை அவரை மட்டும் உட்காரவைத்துக் குணப்படுத்த முடியாது, வீடும் வரணும் என்ற எண்ணம். அதை அப்படியே நாராயணபுரம் பாலத்துக்குக் கொண்டுவந்து பாருங்க. காயம் காலனியில். வீடு என்பது முழு ஊர், வேலிக்காரரையும் சேர்த்து. நாம காலனிக்காரரை மட்டும் கூப்பிட்டு அரை ஏக்கர் பட்டாவைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம்.

தமிழ்நாட்டில் முழு ஊரையும் சேர்த்துப் பார்த்த முயற்சியே இல்லையான்னா, உண்டு. 1990-களின் கடைசியில் வந்த பெரியார் நினைவு சமத்துவபுரங்கள். நூறு வீடு, அதில் 40 ஆதிதிராவிடர், 25 பிற்படுத்தப்பட்டோர், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோர், 10 மற்றவர்கள், அத்தனை பேருக்கும் ஒரே இடுகாடு. கடைசியில் சொன்னதுதான் எனக்கு முதலில் சொல்ல வேண்டியதாகப் படுது. ஆனா அது புதிய ஊரில் புதிய வீடு. இருக்கிற ஊரில் இருக்கிற வேலியை என்ன செய்வது என்பதற்கு அங்கே பதில் கிடையாது.

2025 ஏப்ரலில் காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். முகவரி எழுதும்போது பேனா தயங்கி நின்ற பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலைன்னு அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். எனக்கு ஒரு சின்ன பயமும் இருக்கு. பெயர்ப் பலகை மாறி, பாதை மாறாமல் போனால், அந்தப் பாதை எதுக்காக மூடியிருக்குன்னு நாளைக்குச் சொல்ல ஒரு சொல்லும் மிஞ்சாது.

கடைசியா, கேட்கிறவங்க செய்யக்கூடிய ஒரு வேலை. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் ஒரு விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூடியே ஆகணும். 2019-க்குப் பிறகு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டதால் வேலூருக்கு ஒன்று, ராணிப்பேட்டைக்கு ஒன்று, திருப்பத்தூருக்கு ஒன்று. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடுங்க. போன வருஷம் எத்தனை தடவை கூட்டம் நடந்தது, நடவடிக்கைக் குறிப்பின் நகல் வேணும், சுடுகாட்டுப் பாதை சம்பந்தமாக எத்தனை புகார் வந்தது, அதில் எத்தனை இடத்தில் பழைய பாதையைத் திறந்தாங்க, எத்தனை இடத்தில் வேற நிலம் கொடுத்தாங்க. கடைசி இரண்டு கேள்வியையும் சேர்த்து எழுதிடாதீங்க, தனித்தனியா எழுதுங்க. சேர்த்துக் கேட்டால் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

பதில் கிடைத்தவர்கள் அதைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த மாதப் பகுதியில் அவற்றை வரிசையா வைத்துக்கொண்டு பேசுவோம்.