பொட்டலக் காகிதத்தில் நம் பாட்டன் பெயர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பழைய பேப்பரைப் பற்றிப் பேசப் போகிறேன்" என்றதும் முன்வரிசை நண்பர் ஒருவர், "கிலோ என்ன விலைப்பா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கிலோக் கணக்கில்தான் நம் குடும்ப வரலாறு போய்க்கொண்டிருக்கிறது.

நாளிதழில் தலைப்புச் செய்தியை எல்லோரும் படிப்பார்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில் "காலமானார்", "கண்ணீர் அஞ்சலி", "திருமணம்", முன்பெல்லாம் "தேர்வு முடிவு எண்கள்" என்று வருமே, அது யாருக்கும் வேண்டாத பக்கம். நம் ஊர்ச் சாமானியர் பெயர் அச்சில் ஏறியது பெரும்பாலும் அங்கேதான்.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் அத்தை இறந்தபோது அவர் தகரப் பெட்டியில் ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது. 1974-ல் தாத்தா இறந்த அறிவிப்பு. ஆறே வரி. அதில் "மருமகன், நெய்வேலி" என்று ஒரு பெயர் இருந்தது. நிலத் தகராறில் பேச்சு விட்டுப்போன பெரிய அத்தை குடும்பம் அது. எங்களில் இளையவர்களுக்கு அப்படி ஒரு கிளை இருப்பதே தெரியாது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நெய்வேலியில் விசாரித்து, நாற்பது வருஷம் கழித்து ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஆனால் அந்த ஆறு வரியில் என் அப்பாயி பெயர் இல்லை. "மனைவி" என்று மட்டும் இருந்தது. பழைய கிரயப் பத்திரம் ஒன்றில், கைநாட்டுக்குப் பக்கத்தில்தான் கடைசியில் பெயரைக் கண்டுபிடித்தோம். பத்திரிகையை மட்டும் நம்பினால் பெண்கள் பெயர் போய்விடும். கூலி வேலைக்குப் போன குடும்பங்கள் பத்திரிகைக்கே வந்ததில்லை. அவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பட்டா, பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரியவர்களின் வாய்மொழி.

வாய்மொழியைச் சரிபார்க்கவும் பத்திரிகை வேண்டும். "அரியலூர் ரயில் கவிழ்ந்த வருஷம் பிறந்தவன்" என்பார்கள். அது 1956 நவம்பர் 23. பழைய பத்திரிகையில் "துன்முகி வருஷம்" என்று மட்டும் இருந்தால் கவனம் வேண்டும். 1956-ல் தொடங்கியதும் துன்முகி, 2016-ல் தொடங்கியதும் துன்முகி. தேடுகிற மாணவர்கள் இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். 1995 வரை ஆண்டிமடம் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. பிறகு பெரம்பலூர், 2001-ல் அரியலூர் பிரிந்து, 2002-ல் மீண்டும் சேர்ந்து, 2007 முதல் தனி மாவட்டம். பழைய செய்தியை அரியலூர் என்று தேடினால் கிடைக்காது. திருச்சி, உடையார்பாளையம் என்று தேடுங்கள்.

இதெல்லாம் ஆகிற காரியமா என்று கேட்காதீர்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ் என்று பிறர் எறிந்ததையும் சேர்த்தார். அவர் 1992-ல் மறைந்தார். அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-ல் சென்னையில் அதுவே ஆராய்ச்சி நூலகமாயிற்று. 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்ததை நாம் அறிவோம். அந்த மண்ணில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் "கல்வெட்டு" என்று நினைவு மலர் அச்சிடுவார்கள். பலவற்றில் வம்சாவளியே இருக்கும். 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டத்தார் அவற்றையும் பழைய பத்திரிகைகளையும் மின்வடிவில் காப்பாற்றி வருகிறார்கள்.

நாம் செய்யக்கூடியது சிறியது. மரக்கூழில் செய்த செய்தித்தாள் வெயில் பட்டால் மஞ்சளாகி நொறுங்கும். ஆகவே முதலில் செல்போனில் முழுப் பக்கத்தையும் படம் எடுங்கள். பத்திரிகையின் பெயர், தேதி, பதிப்பு, பக்க எண் குறியுங்கள். தேதி இல்லாத துண்டு, முகவரி இல்லாத கடிதம் மாதிரி. செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். நல்ல வெள்ளைத்தாளுக்கு இடையில் வைத்து, ஈரம் படாத பெட்டியில் வையுங்கள். அச்சில் வந்ததெல்லாம் சரி என்றும் நினைக்காதீர்கள். வயதும் ஊரும் தப்பாக வருவதுண்டு. உயிரோடு இருப்பவர் சங்கதியை அவரைக் கேட்காமல் வெளியிடாதீர்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு பழைய துண்டுக் காகிதம் கொண்டு வருவோம். மாணவர்கள் படம் எடுக்கட்டும்; நூலகத்தில் ஒரு கோப்பு தொடங்கட்டும். காகிதம் இல்லாதவர்கள் பாட்டியின் பெயரையாவது எழுதிக் கொண்டு வாருங்கள். அவருடைய அம்மாவின் பெயரும் தெரிந்தால் சேர்த்து எழுதுங்கள். தெரியாதென்றால் இன்று வீட்டுக்குப் போனதும் கேளுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.