கார்த் தொழிற்சாலையும் கால்வாய் நீரும்

சென்ற பள்ளி விடுமுறையில், ஆறாம் ஆண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு ஜொகூர் பாருவிலிருந்து 170ஆம் எண் பேருந்தில் சிங்கப்பூருக்குப் போனோம். தேக்காச் சந்தையைப் பார்க்க வேண்டும், சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலைக் கும்பிட வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை.

வழியில், புக்கிட் தீமாவில் ஒரு பழைய கட்டடம் தெரிந்தது. "இது என்ன ஐயா?" என்றான் ஒரு பையன். ஃபோர்டு நிறுவனத்தின் பழைய கார் ஆலை அது. 1941 அக்டோபரில் திறக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்தது அங்கேதான். 1980இல் ஆலை மூடப்பட்டது. இன்று அது ஓர் அருங்காட்சியகம். பிறகு 2023 நவம்பரில், ஜூரோங்கில் ஹூண்டாய் நிறுவனம் மின்சாரக் கார் செய்யும் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றைத் திறந்தது. ஆண்டுக்கு 30,000 கார்கள் வரை அதில் செய்யலாம்.

இதைச் சொன்னதும் அந்தப் பையன் கேட்டான்: "மின்சாரக் காரில் புகை வராதே ஐயா. அப்படியானால் அதைச் செய்கிற ஆலையிலும் அழுக்கு இருக்காதுதானே?"

நல்ல கேள்வி. அதற்கு விடை தேடுவதே இன்றைய நம் பேச்சு.

கார் செய்வதில் நான்கு பெரிய வேலைகள் உண்டு. இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி வளைப்பது ஒன்று. வளைத்த தகடுகளைப் பற்றவைப்பது இரண்டு. சாயம் பூசுவது மூன்று. எஞ்சின், இருக்கை, சக்கரம் எல்லாவற்றையும் பூட்டுவது நான்கு. சில ஆலைகளில் நான்கும் நடக்கும். சிலவற்றில் கடைசி வேலை மட்டும் நடக்கும். இந்த நான்கில் மிகுதியான அழுக்கைத் தருவது சாயப் பட்டறை. முதலில் தகட்டின் எண்ணெய்ப் பசையைக் கழுவ வேண்டும். பிறகு துருப் பிடிக்காதிருக்க மருந்துத் தொட்டியில் முக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அலச வேண்டும். பிறகு சாயம் தெளித்துச் சூட்டு அறையில் காய வைக்க வேண்டும். அலசிய நீரில் உலோகமும் இரசாயனமும் கலந்திருக்கும். சாயத்தைக் கரைத்த திராவகம் ஆவியாகிக் காற்றில் கலக்கும். சூட்டு அறைக்கோ எரிபொருள் ஏராளமாக வேண்டும். மின்சாரத்தால் சூடேற்றினாலும் புகை வேறு எங்கோ எழும். சிங்கப்பூரின் மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவை எரித்தே கிடைக்கிறது.

அன்று குவீன் ஸ்திரீட்டில் இறங்கித் தேக்காவுக்கு நடந்தபோது ரோச்சோர் கால்வாயைக் கடந்தோம். "இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று நாம் கேட்டோம். "கடலுக்கு" என்றார்கள் பிள்ளைகள். ஒரு காலத்தில் அது உண்மை. சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆற்றுப் பகுதியும் முன்பு நாற்றம் பிடித்துக் கிடந்தன. 1977இல் பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுக்குள் அவற்றைத் துப்புரவாக்கச் சொன்னார். 1987இல் அது நிறைவேறியது. 2008இல் மரினா அணை கட்டப்பட்டு, அந்த ஆற்று முகம் குடிநீர் ஏரியானது. ஆகவே தேக்காவின் சாக்கடையில் விழும் மழைநீரும் இன்று அந்த ஏரிக்கே போகிறது. அங்கே ஒருவன் சாக்கடையில் சாயம் ஊற்றினால், தன் வீட்டுக் குழாயிலேயே ஊற்றினதாகும். அதனால்தான் மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு வேறு வழி என்று அங்கே பிரித்து வைத்திருக்கிறார்கள். கழிவுநீரைச் சுத்திகரித்து, 2003 முதல் நியூவாட்டர் என்ற பெயரில் ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

சரி, கார் ஆலையின் அழுக்கைக் குறைப்பது எப்படி? நம் தாய்மார்களுக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. தண்ணீர் குறைவான நாளில், கடைசியாக அலசிய நல்ல தண்ணீரைக் கொட்டாமல், அடுத்த துணிகளை முதலில் அலச வைத்துக்கொள்கிறோம் அல்லவா? நல்ல ஆலைகளிலும் அப்படியே, கடைசித் தொட்டியின் நீர் முதல் தொட்டிக்குத் திரும்பிப் போகிறது. திராவகத்துக்குப் பதில் நீரில் கரையும் சாயம் வந்திருக்கிறது. சாயத் துளிக்கு மின்னேற்றம் கொடுத்துத் தெளித்தால் அது காரில் ஒட்டிக்கொள்ளும், வீணாவது குறையும். ஆவியைப் பிடித்து எரித்து, அந்தச் சூட்டையே சூட்டு அறைக்குப் பயன்படுத்துகிறார்கள். வெட்டிய தகட்டுத் துண்டுகள் உருக்காலைக்குத் திரும்புகின்றன. பெரிய ஆலைகள் வெளியிடும் கரிவாயுவுக்குச் சிங்கப்பூர் அரசு 2019இல் டன்னுக்கு 5 வெள்ளி வரி போட்டது. 2024இல் அதை 25 வெள்ளியாக உயர்த்தியது.

நேயர்களே, இது பட்டணத்துச் சங்கதி, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். காரின் சக்கரத்தில் பால்மரத்துப் பாலும் இருக்கிறது. அந்தப் பாலைத் திராவகம் விட்டு உறையவைத்துக் கழுவிய நீர், எங்கள் பாட்டி காலத்தில் நேரே ஓடைக்குத்தான் போகும். மீன் செத்து மிதக்கும், அந்த நாற்றத்தில் சோறு இறங்காது என்று பாட்டி சொல்வார். பாட்டியின் சம்பளமும் அந்த ஆலையிலிருந்துதான் வந்தது. ஆகவே யாரும் வாய் திறக்கவில்லை. 1978இல் மலேசிய அரசு ரப்பர் ஆலைக் கழிவுநீருக்கு விதிமுறை கொண்டுவந்தது. நீரைக் குளங்களில் தேக்கித் தெளியவைத்தே வெளியே விட வேண்டும் என்ற நிலை வந்தது. ஆலை மூடப்படவில்லை. வேலையும் போகவில்லை. ஓடைதான் தெளிந்தது.

இன்று நம் பிள்ளைகள் பலர் தோட்டத்தை விட்டு ஆலை வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இரண்டு செய்தி சொல்லுவோம். சாயமும் திராவகமும் புழங்கும் இடத்தில் முகமூடி இல்லாமல் நிற்காதே. அது கேட்டுப் பெற வேண்டிய உரிமை. ஆலையின் வாசல் பளபளப்பை மட்டும் பார்க்காதே. பின்புறம் போய், இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேள். வீட்டிலும், மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கிய பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், டின்னில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள்.

அந்தப் பையனுக்கு நாம் சொன்ன விடையும் இதுதான்: கார் புகைவிடாமல் ஓடலாம், அது பிறந்த இடமும் சுத்தமா என்பதைக் கால்வாய்தான் சொல்லும்.