படம் செல்லும் பாதை

சிவகாசியில் வாழ்வோர்க்கு உரிமம் என்பது புதிய சொல் அன்று. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின்படி, பட்டாசு ஆலைக்கும் கிடங்கிற்கும் அரசின் அனுமதி வேண்டும் என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். மருத்துவப் படங்களுக்கும் அத்தகைய காவல் உண்டு.

இன்று எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் கணினி வழியே தொலைவிலுள்ள மருத்துவரின் திரையைச் சேர்கின்றன. தீவிபத்தில் அடிபட்டவரின் படம் நொடியில் மதுரையை எட்டுவது பெரும்பேறே. ஆயினும் வழியில் பெயர் மாறினாலோ, இடமும் வலமும் பிறழ்ந்தாலோ, எலும்பு முறிவின் நுண்கோடு மங்கினாலோ, சிகிச்சையே தவறிவிடும்.

எக்ஸ்ரே கருவியின் கதிர்வீச்சைக் கண்காணிப்பது, 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். படத்தைக் கையாளும் மென்பொருளுக்கோ வேறு விதி. 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள், இடரின் அளவுக்கேற்பக் கருவிகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தன. 2020 ஏப்ரல் முதல் நாள் தொட்டு, மருத்துவப் பயனுக்கான மென்பொருளும் மருத்துவக் கருவியாகவே கொள்ளப்படுகிறது.

சிலர் இதனை வீண் தாமதம் என்பர். அறைக்கும் அறைக்கும் இடையே நாம் விடும் வெற்றிடம் வீணா? ஆயினும் தாளிலுள்ள விதி மட்டும் உயிரைக் காவாது; 2012இல் முதலிப்பட்டியில் மூண்ட தீ அதனை நமக்கு உணர்த்திற்று. படத்திலுள்ள பெயரை ஒருமுறை ஒப்புநோக்கும் ஊழியரின் கண்ணும் வேண்டும்.