“கரண்டு, தண்ணி எல்லாம் சேர்த்துதான் தம்பி!” – இளைஞர் கூட்டத்தில் நம் ஐ.டி. அணித் தம்பி பேசியது

மேடையில பேசிப் பழக்கம் இல்லை, போஸ்ட் போட்டுத்தான் பழக்கம். தப்பு இருந்தா அண்ணன்கள், அக்காக்கள் மன்னிக்கணும்.

இன்ஜினியரிங் முடிச்சு, தென்காசிப் பக்கத்துல இருந்து ஒரு பையோட சென்னைக்கு வந்தவன் நான். மேடவாக்கத்துல மூணு பேர் சேர்ந்து வீடு பார்த்தோம். “கரண்டு, தண்ணி எல்லாம் சேர்த்துதான் தம்பி வாடகை”னு ஓனர் வாயால சொன்னார். பத்து மாச அட்வான்ஸ். என் பங்குக்கு அம்மா வளையலை அடகு வெச்சாங்க. மூணாவது மாசம் ஒரு சீட்டு வந்துச்சு: கரண்டு யூனிட்டுக்கு பத்து ரூபாய், தண்ணி லாரிக்குத் தனி. கேட்டா, “அக்ரிமென்ட்ல எழுதியிருக்கா?”ன்னார். எழுதலை. அவ்ளோதான் கதை.

இப்ப அந்தப் பத்து ரூபாய் கணக்கைப் பார்ப்போம். நம்ம மாநிலத்துல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016-ல இருந்து. தனி மீட்டர்ல 300 யூனிட் ஓடினா பில் சுமார் 700 ரூபாய். சப்-மீட்டர்ல யூனிட்டுக்கு பத்துன்னா அதே 300-க்கு 3,000! ஓனர் என்ன சொல்வார்? “ஒரே மீட்டர்ல ரெண்டு குடும்பம், 500 தாண்டினா ரேட் ஏறிடும்ப்பா.” உண்மைதான், ஏறும். ஆனா 600 யூனிட்டுக்கு மொத்த பில்லே மூவாயிரத்துக்குள்ளதான் வரும். ரெண்டு வீட்டுலயும் வாங்குறது ஆறாயிரம். மோட்டார், படிக்கட்டு லைட்டுன்னு கொஞ்சம் கழிச்சுக்குங்க, நியாயம். மீதி எங்க போகுது? அரசு வாடகைக்காரனுக்கும் சேர்த்துக் கொடுத்த 100 யூனிட் யார் பாக்கெட்ல இருக்கு?

எல்லா ஓனரும் அப்படின்னு சொல்லலை. பென்ஷனும் இந்த வாடகையும்தான் வருமானம்னு இருக்கிற பெரியவங்களும் உண்டு. அவங்களோட நமக்குச் சண்டை இல்லை.

சட்டம் இருக்கு. 2017-ல நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில இருக்கிற வீட்டு உரிமையாளர் – வாடகைதாரர் சட்டம். எழுத்துல ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும். வாடகைத் தகராறு வந்தாலும் தண்ணி, கரண்டை ஓனர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினா வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்துத் திரும்ப வாங்கலாம். முன்பணம் மூணு மாச வாடகைக்கு மேல கூடாது. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான பிடித்தம் போக திருப்பித் தரணும்.

ஆனா அந்த மூணு மாசப் பிரிவுலயே ஒரு ஓட்டை இருக்கு: “வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய.” வீடு கிடைச்சா போதும்னு நிக்கிறவன் எந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டான்? பத்து மாசம்னு எழுதினாலும் போடுவான். நானும் போட்டேன். அந்த வரியை எடுக்கணும். அதுதான் நாம கேட்க வேண்டியது.

அதுவரைக்கும் நீங்க செய்யக்கூடியது: “மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு உட்பட”ங்கிற வரி ஒப்பந்தத்துல இருக்கணும். தனின்னா, யூனிட்டுக்கு எவ்வளவுன்னு எழுதி வாங்குங்க. குடி போற அன்னைக்கே மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுங்க. மின் இணைப்பு எண்ணைக் கேளுங்க. அது இருந்தா பில் தொகையை ஆன்லைன்ல நீங்களே பார்க்கலாம். எண் தரத் தயங்குற வீட்டை, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிச்சுட்டுப் போங்க. அட்வான்ஸை கையில கொடுக்காம பேங்க் வழியா அனுப்புங்க.

என் அட்வான்ஸ்ல பெயின்ட் அடிக்கன்னு ஒரு மாச வாடகை போச்சு. வளையலை மீட்டுட்டோம், வட்டியோட.

உங்க வீட்டுல யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குறாங்க? பகுதி, ரேட், அட்வான்ஸ் எத்தனை மாசம் – இது மூணையும் கமெண்ட்ல போடுங்க. ஓனர் பேர், போன் நம்பர் வேண்டாம். பகுதிவாரியாத் தொகுத்து மனுவோட இணைக்கிற வேலையை நம்ம அணி எடுத்துக்குது.