கடவுளை ஏற்காதாரும் ஆன்மிக உரையாடலும்



பத்தாண்டு நிறைவு விழாவில் பாராட்டிப் பேசி அமர்வதே மரபு. பாராட்டுக்கு உரியவர்கள் இந்த அவையில் நிறைந்திருக்கிறீர்கள். அதை எனக்குப் பின் பேசுவோர் என்னிலும் நன்றாகச் செய்வார்கள். நம்மிடையே நெடுநாளாகப் புகைந்துகொண்டிருக்கும் ஒரு வினாவை நான் எடுத்துக்கொள்கிறேன். திருமுறையோ திவ்வியப் பிரபந்தமோ மாதக் கூட்டத்தின் பொருளாக அமையும்போது, பேச வருபவர் இறைநம்பிக்கை இல்லாதவர் என்று தெரிந்தால், "இவருக்கு இதில் என்ன வேலை?" என்ற முணுமுணுப்பு எழுகிறது. பகுத்தறிவு வழி நிற்கும் நண்பர்களோ, "அது பக்தர்கள் சங்கதி" என்று அந்த மாதம் வராமலே இருந்துவிடுகிறார்கள். இப்படியே போனால் ஒரு வட்டம் இரண்டு அரைவட்டங்களாகிவிடும். ஆகவே கேட்கிறேன்: கடவுள் இல்லை என்போர்க்கு ஆன்மிகத்தைப் பற்றிப் பேசப் பொருள் உண்டா?

விடை தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 2025-ஆம் ஆண்டு ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. வருவோர் எல்லாம் இராசகிரியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சிறுகடம்பூரை ஒட்டிய திருநாதர்குன்றுக்குப் போகிறவர் சிலரே. அங்கே ஒரே பாறையில் இரு வரிசைகளாக இருபத்து நான்கு தீர்த்தங்கரர் வடித்திருக்கிறார்கள். அருகே, சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறும் கல்வெட்டு. அதைக் கி.பி. 6-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். தமிழ் எழுத்து வரலாற்றில் அதற்குத் தனி இடமும் உண்டு. இளையபட்டாரர் என்பவர் முப்பது நாள் நோற்று முடித்ததைப் பிற்காலக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது.

ஐம்பத்தேழு நாள்! அந்நாள்களில் அவரைத் தாங்கியது எது? படைத்துக் காத்து அழிக்கும் இறைவன் ஒருவனைச் சமணம் ஏற்பதில்லை. கைதூக்கிவிட ஒருவன் வருவான் என்ற எதிர்பார்ப்பு இன்றி, வினையைத் தானே கழிக்க வேண்டும் என்ற உறுதியோடு அவர் அப்பாறையில் கிடந்தார். இதை ஆன்மிகம் அன்று என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. உங்களுக்கும் இராது என்றே நம்புகிறேன்.

உடனே ஒன்று சொல்லிவிட வேண்டும். சமணரை நாத்திகர் என்றால் மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த நம் அன்பர்கள் வருந்துவார்கள். அவர்கள் வருந்துவது முறையே. உயிர் உண்டு, வினை உண்டு, மறுபிறப்பு உண்டு, வீடு உண்டு என்பது அவர்கள் கொள்கை. சிக்கல் சொல்லில் இருக்கிறது. மனு நூலுக்கு நாத்திகன் வேதத்தை இகழ்பவன். பாணினியின் இலக்கணப்படியோ மறுமை இல்லை என்பவன். முதல் அளவையில் சந்திரநந்தி நாத்திகர். இரண்டாம் அளவையில் முழு ஆத்திகர். 'கடவுள் மறுப்பாளர்' என்று இன்று நாம் கொள்ளும் பொருள் இவ்விரண்டிலும் இல்லை. வேலியை எங்கே போடுவது என்பதே தீராத வழக்காக இருக்க, வேலிக்கு அப்பாலுள்ளவர் பேசலாகாது என்று எப்படி விதிப்பது? மணிமேகலை பௌத்தக் காப்பியம். பௌத்தம் படைப்புக் கடவுளையும் ஏற்கவில்லை, நிலையான ஆன்மாவையும் ஏற்கவில்லை. அக்காப்பியத்தின் அமுதசுரபியை விட்டுவிட்டுத் தமிழில் அறம் பேச முடியுமா?

"சரி, சமணரும் பௌத்தரும் துறவிகள். உயிரும் இல்லை, மறுமையும் இல்லை என்பவனுக்கு இங்கே என்ன?" என்று கேட்பீர்கள். அவனுக்கும் நம் முன்னோர் இருக்கை போட்டிருக்கிறார்கள். வஞ்சி நகரில் மாதவன் வடிவில் சமயக் கணக்கரின் திறம் கேட்ட மணிமேகலை, கடைசியாகச் சந்திப்பது பூதவாதியை. பூவும் வெல்லமும் கூடிய இடத்தில் வெறிக்கும் கள் பிறப்பதுபோல, பூதங்கள் கூடிய இடத்தில் உணர்வு பிறக்கும். அவை பிரிந்தால் அதுவும் அழியும் என்கிறான் அவன். கண்டதே காட்சி என்பவனிடம், "உன் தாய் தந்தையரை நீ அனுமானத்தால் அன்றி எப்படி அறிந்தாய்?" என்று கேட்டு அவள் மடக்குகிறாள். அவன் மறுமொழி காப்பியத்தில் இல்லை. இருந்திருந்தால், "உலக வழக்கில் அனுமானத்தை ஏற்கிறேன், மறுமை வரை அதை இழுக்காதே" என்று சொல்லியிருப்பான். புரந்தரர் என்ற உலகாயதர் அவ்வாறு கருதியதாக வடமொழியில் குறித்துவைத்தவர் கமலசீலர். அவர் பௌத்தர், எதிர்த்தரப்பினர்! உலகாயதரின் சொந்த நூல்கள் பெரும்பாலும் அழிந்தன. அவர்கள் குரல் நமக்குக் கேட்பது அவர்களை மறுத்தவர்களின் ஏடுகளிலேதான். மறுக்க வேண்டியதையும் பிழையின்றி எழுதிவைத்த அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

நீலகேசியின் பத்துச் சருக்கங்களில் இறுதியானது பூதவாதச் சருக்கம். இரு சமயக் காப்பியங்களிலும் கடைசியில் நின்ற இவனை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் வாயிலுக்கே அழைத்துவிட்டார். சிவஞான சித்தியார் பரபக்கம் உலகாயதனில்தான் தொடங்குகிறது. அவருடைய ஆசிரியர் மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர் நம் விழுப்புரம் மாவட்டத்து ஊர். சைவ சித்தாந்தம் தன் வீட்டைக் கட்டுமுன் முதலில் கேட்ட குரல் 'இல்லை' என்பவனுடையது. மறுப்பதற்காகக் கேட்டது என்பீர்கள், உண்மைதான். ஆனால் கேட்டுத் தீர வேண்டியவன் அவன் என்று கருதியிராவிட்டால் முதல் இடம் தந்திருப்பாரா?

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1930-களில் பகத்சிங்கின் 'நான் ஏன் நாத்திகன் ஆனேன்?' நூலைத் தமிழில் தந்தவர் ப. ஜீவானந்தம். பிற்காலத்தில் அவரே காரைக்குடிக் கம்பன் கழக மேடையில் கம்பனைப் பேசினார். இராமனைக் கடவுளாக வணங்காத ஒருவர் கம்பன் கண்ட மனிதனை எடுத்துக்காட்டினார். வணங்குவோர் அமர்ந்து கேட்டனர். குன்றக்குடி அடிகளாரும் பெரியாரும் கொண்டிருந்த நட்பை நீங்கள் அறிவீர்கள். கவிஞர்களுக்கு இன்னும் நெருங்கிய சான்று பாரதிதாசன். திண்டிவனத்துக்கு அப்பால் இருக்கும் மயிலத்து முருகனுக்குத் துதியமுது பாடிய கை, பிறகு தன்மான இயக்கத்துக்குப் பாடியது. கொள்கை மாறிற்று, ஆனால் உருகி விளித்துக் கேட்போரை எழுப்பும் அந்தப் பாங்கு பக்திப் பாட்டில் பழகியதே என்பது என் எண்ணம். நம்பிக்கையைக் கைவிட்டவனிடமும் அது கற்பித்த மொழி தங்கிவிடுகிறது.

அப்படியானால் குறையே இல்லையா? உண்டு. 2015-இல் மு. கருணாநிதி இராமானுசர் வரலாற்றைத் தொலைக்காட்சித் தொடராக எழுதத் தொடங்கியபோது, 'மதத்தில் புரட்சி செய்த மகான்' என்று அதன் தலைப்பிலேயே தம் பார்வையைச் சொல்லிவிட்டார். மறுப்பாளரை ஈர்ப்பது, மந்திரத்தை ஊரறியச் சொன்ன திருக்கோட்டியூர்க் கோபுரம். அடியார்கள் உயிராகக் கருதும் சரணாகதி அவர்கள் கண்ணில் எளிதில் படுவதில்லை. ஆனால் மறுபக்கமும் பாருங்கள். எந்தக் கதவு யாருக்கு அடைத்திருக்கிறது என்பது உள்ளே கண்மூடி நிற்பவர்க்குத் தெரியாது. வெளியே நிற்பவர்க்கே தெரியும். வைக்கத்துத் தெருக்களைப் பற்றி 1924-இல் எழுந்த வினா, ஆன்மிகத்துக்கு வெளியே உள்ள வினாவா?

"உண்ணாதவன் கரும்பின் சுவையை உரைப்பதா?" என்பது அடியார் தரப்பின் வலுவான வாதம். ஒரு பாதியை ஒப்புகிறேன். அனுபவம் அவருடையது, அது பொய் என்று தீர்ப்புச் சொல்ல மறுப்பாளருக்கு உரிமை இல்லை. அந்த அனுபவத்திலிருந்து சட்டமும் சடங்கும் உயர்வுதாழ்வும் கிளம்பும்போதோ அது எல்லாருடைய பொருளாகிறது. தவிரவும் சாவும் பிரிவும் வியப்பும் ஆத்திகருக்கு மட்டுமா வருகின்றன? தாயைப் புதைத்துவிட்டுத் திரும்பும் நாத்திகனுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இராதா? நான் விதிப்பது ஒன்றே: பேசுகிறவர் நூலைப் படித்திருக்க வேண்டும். அந்த விதி பக்தருக்கும் பொருந்தும். திருநீறு பூசியவர் எல்லாம் திருமந்திரம் கற்றவர் அல்லர்.

செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டின் முதல் கூட்டத்தில் மணிமேகலையின் சமயக் கணக்கர் காதையையும், சித்தியாரின் உலகாயதன் பகுதியையும் அடுத்தடுத்துப் படிப்போம். பூதவாதியின் பக்கத்தை அடியார் ஒருவர் எடுத்துரைக்கட்டும். சித்தியாரின் மறுப்பை நம் பகுத்தறிவு நண்பர் ஒருவர் எடுத்துரைக்கட்டும். இடம் திருநாதர்குன்றாக இருந்தால் நன்று. மண்டபம் கிடையாது, ஒலிபெருக்கியும் வேண்டாம். பாறை சுடத் தொடங்குமுன், விடியலிலேயே ஏறிவிட வேண்டும்.