துண்டில் பிடித்த காசு போய்ச் சேர்ந்ததா?

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



சம்பளத் துண்டு கைக்கு வந்ததும் நாம் எதைப் பார்க்கிறோம்? எத்தனை பேர் விழுந்திருக்கிறது, தீபாவளி முற்பணத்துக்கு எவ்வளவு பிடித்திருக்கிறார்கள், கடைசியில் கையில் என்ன மிச்சம். நடுவில் சேமலாப நிதி என்று ஒரு வரி இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை.

கொழும்பில் உத்தியோகம் பார்ப்பவர்கள், சம்பளத்தில் பிடித்த வருமான வரியைக் கம்பனி இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டியதா என்று தேடிப் பார்க்கிறார்கள். நம் சம்பளம் அந்த வரி எல்லைக்குக் கிட்டவும் போகாது. நாம் தேட வேண்டியது சேமலாப நிதியை.

ஒரு பேருக்கு 1350 ரூபா, மாதம் 20 பேர் என்று வையுங்கள். 27,000 ரூபா. அதில் நம்மிடம் பிடிப்பது 8 வீதம், 2160 ரூபா. தோட்டம் தன் பங்குக்கு 12 வீதம், 3240 ரூபா போட வேண்டும். ஆக 5400 ரூபா அடுத்த மாதம் முடிவதற்குள் மத்திய வங்கிக்குப் போக வேண்டும். இது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். பிந்தினால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3 வீதம், 810 ரூபா. அது முழுக்கத் தோட்டத்தின் காசு. அதற்காக நம் சம்பளத்தில் ஒரு சதமும் பிடிக்க முடியாது.

துண்டில் 2160 என்று இருந்தால் பிடித்தார்கள் என்றுதான் அர்த்தம். கட்டினார்கள் என்று அர்த்தமில்லை.

50 வயதில் வேலையை விட்ட ஒரு தாய் நம் காரியாலயத்துக்கு வந்தார். கணக்கைப் பார்த்தால் இடையிடையே பல மாதங்கள் வெறுமை. தோட்ட ஆபீஸில் கேட்டால் பழைய செக்ரோல் இல்லையாம். அந்தத் தாய்க்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அவற்றை மாத வரிசையில் அடுக்கித் தொழில் திணைக்களத்தில் கொடுத்தோம். அதன் பிறகுதான் தோட்டம் நிலுவையை ஒப்புக்கொண்டது. டின் இல்லாதவர்கள் எத்தனை பேரோ!

இன்னொரு வில்லங்கம் பெயர். செக்ரோலில் செல்லம்மா, அடையாள அட்டையில் செல்லம்மாள், பிறப்புச் சான்றிதழில் வேறொன்று. வேலை செய்யும் காலத்தில் இது யாருக்கும் உறுத்தாது. காசு எடுக்கப் போகும்போதுதான் சத்தியக் கடதாசி, கிராம சேவகர், டவுனுக்குப் பத்து நடை. அடையாள அட்டை இலக்கம் பிழையாக இருந்தால் இன்னும் மோசம். சர்வீஸில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். பிறகு ஆபீஸில் யாரும் நமக்காக மினக்கெட மாட்டார்கள்.

துண்டில் அங்கத்துவ இலக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மத்திய வங்கியின் கணக்கு அறிக்கையை ஆபீஸில் கேட்டு வாங்குங்கள். கேட்பது பிச்சை அல்ல, "பிறகு வா" என்றால் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அறிக்கையில் உள்ள தொகையைத் துண்டுகளோடு மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்தால் அரை மணி நேர வேலை. ஒரு மாதம் குறைந்தாலும் எழுத்தில் முறைப்பாடு வேண்டும். தனியாக எழுதப் பயமென்றால் சங்கத்தின் பெயரில் நாங்கள் எழுதுகிறோம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தலைவரும் தன் டிவிசனில் பத்துப் பேருடைய கடைசி ஆறு மாதத் துண்டுகளையும் அடையாள அட்டைப் பிரதியையும் கொண்டுவர வேண்டும். ஓய்வுக்குக் கிட்ட இருப்பவர்களிடமிருந்து தொடங்குவோம்.